கில்ட் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வாங்கப் போனால்

#1 கிளைட்கரையான் (கிளாஸ்கோ)

எல்லாருக்கும் வணக்கம். அலுவலக நண்பனின் கல்யாணத்துக்காகப் போன மாதம் ஒரு கில்ட் வாங்கினேன், அதுதான் ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட பாவாடை. வாடகைக்கே எடுத்திருக்கலாம். ஆனால் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷத்தில் வாடகைக்குக் கொடுத்ததையெல்லாம் கூட்டினால் சொந்தமாக ஒன்று தைத்திருக்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். கம்பளித் துணி, கையால் தைத்தது, 8 கெஜம். மடிசாருக்கு ஒரு கெஜம்தான் குறைவு! கொசுவம் முழுக்கப் பின்பக்கம். முன்னால் சப்பையாக இரண்டு பாளம், ஒன்றின் மேல் ஒன்று. தூக்கினால் கிட்டத்தட்ட 2 கிலோ.

இவ்வளவு காசு போட்டதை அந்துப்பூச்சிக்குக் கொடுப்பதா? செவ்வாயும் சனியும் சாதாரணமாகவே கட்டிக்கொண்டு வெளியே போவது என்று முடிவு செய்தேன். மேலே பழைய ஸ்வெட்டர், காலில் தடித்த பூட்ஸ், அவ்வளவுதான். ஐந்து வாரம் ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று கறுப்புக் கோட்டு, இடுப்பில் ஸ்போரன் பை, காலுறையில் சின்னக் கத்தி என்று முழு அலங்காரத்தோடு பாதாள ரயிலில் போனேன். ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே கில்ட்டோடு செவ்வாய்க்கிழமை காலையில் உருளைக்கிழங்கு பொறுக்கினால் கடையே பார்க்கிறது. பாவாடை என்று யாரும் கிண்டல் செய்யவில்லை, இது ஸ்காட்லாந்து. அவர்கள் கேட்பது வேறு: "யாருக்குக் கல்யாணம்?" இதுவரை பதினான்கு பேர் கேட்டாகிவிட்டது. கல்லாவில் இருந்த அம்மா, பஸ் டிரைவர், ஏழு வயதுப் பையன் ஒருவன். "கல்யாணம் இல்லை, வெங்காயம் வாங்க வந்தேன்" என்றால் முகம் கொஞ்சம் வாடிப்போகிறது. ஏதோ ஏமாற்றியதுபோல.

அடுத்த கேள்வி "எந்தக் குலம்?" ஊரை விட்டு ஐயாயிரம் மைல் தள்ளி வந்தும் அதே கேள்வி, பாருங்கள். இங்கே டார்ட்டன் கட்டத்தை வைத்துக் குலத்தைக் கண்டுபிடிப்பார்களாம். என்னுடையது பிளாக் வாட்ச், ஒரு ராணுவப் படையின் பெயரில் உள்ள கட்டம், கரும்பச்சையும் நீலமும். யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதைச் சொன்னதும் ஒரு தாத்தா, "அப்படியா, ராணுவமா?" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

வேறு யாராவது தினசரி கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

#2 சுண்டல்_பொட்டலம் (சென்னை)

அண்ணா, எல்லாரும் கேட்க நினைத்து அடக்கிக்கொண்டிருப்பதை நானே கேட்டுவிடுகிறேன். உள்ளே பட்டாபட்டியா?

#3 கிளைட்கரையான்

இரண்டாவது பதிலிலேயே வந்துவிட்டது. நாலாவது வரை தாங்கும் என்று நினைத்தேன்.

இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு அரதப்பழசான பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வோர்ன்' என்றால் உடுத்தியது என்றும் அர்த்தம், தேய்ந்துபோனது என்றும் அர்த்தம். "உள்ளே ஏதாவது வோர்ன்?" என்று கேட்டால், "எதுவும் தேயவில்லை, எல்லாம் நல்லபடி ஓடுகிறது" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. இருபதாவது தடவை வரவில்லை.

உண்மையான பதில்: போட்டிருக்கிறேன். கம்பளி குத்தும் தம்பி.

#4 பழைய_ஏடு (மதுரை)

கிளைட் சார் இருக்கும் கிளாஸ்கோ தாழ்நிலம். கில்ட் வடக்கே ஹைலேண்ட் மலைக்காரர்களின் உடை. தாழ்நிலத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அந்த உடையைக் கண்டாலே மாடு திருடுகிறவன் ஞாபகம்தான் வரும். ஆக, இது "பாட்டன் முப்பாட்டன் தினசரி கட்டிய உடை" என்பது கிளாஸ்கோவைப் பொறுத்தவரை பாதிக் கற்பனை.

முதலில் இருந்தது பெரிய கில்ட். நீளத் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி அதுவே போர்வை. அந்த மேல்பாதியை வெட்டிவிட்டுச் சின்ன கில்ட்டாக்கியது யார் என்பதில் இன்றைக்கும் அடிதடி. 1720-களில் ஹைலேண்டில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற இங்கிலாந்துக்காரர், கூலியாட்கள் உலையில் வேலை செய்யத் தோதாக வெட்டினார் என்று ஒரு கட்சி. அதற்கு முன்பே இருந்தது என்று இன்னொரு கட்சி. ஸ்காட்லாந்தில் மதுக்கடையில் உட்கார்ந்து ராலின்சன் பெயரைச் சொல்லாதீர்கள்.

1746-ல் கல்லோடன் போரில் ஹைலேண்ட் படை தோற்றதும் லண்டன் அரசு உடைக்கே தடை போட்டது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஆணோ பையனோ கில்ட் கட்டினால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடுகடத்தல். அரசாங்கப் பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது கில்ட் கட்ட ஆசையா, ராஜாவுக்காகச் சண்டைக்குப் போ. அப்படிப் போனவர்கள் நம் பக்கமும் வந்தார்கள். 73-ஆம் ஹைலேண்டர் படை 1780-ல் சென்னையில் இறங்கி, அந்தச் செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அப்போது அவர்கள் ஊரில் தடை அமலில்தான் இருந்தது. 1782-ல்தான் நீங்கியது.

முப்பத்தைந்து வருஷத்தில் சாதாரண ஜனங்கள் கால்சட்டைக்கு மாறிவிட்டார்கள். பிறகு 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டனில் மூழ்கடித்தார். மன்னரும் கில்ட் கட்டினார், தொடை தெரியக் கூடாதென்று உள்ளே ரோஜா நிறத்தில் இறுக்கமான காலுறை வேறு. அன்றிலிருந்து அது விசேஷ உடை. உங்களிடம் "யாருக்குக் கல்யாணம்" என்று கேட்கிறவர்கள் தெரியாமல் கேட்கவில்லை சார். இருநூறு வருஷப் பழக்கம் அது.

#5 ஊர்க்குருவி (கோயம்புத்தூர்)

வேட்டி கட்ட வெட்கம், வெள்ளைக்காரன் பாவாடை கட்டப் பெருமை. இதற்கு ஒரு இழை வேறு. அதே கடைக்கு வேட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

#6 பனங்கிழங்கு (ஸ்காபரோ, கனடா)

ஊர்க்குருவி, கோபப்படாதேங்கோ. அவர் கேட்ட விசயம் வேறு.

நான் யாழ்ப்பாணம். வீட்டில் எப்பவும் சாரம்தான், உங்கட ஊர் லுங்கி. இங்கே வந்த புதிதில் ஒரு கோடை காலம், குப்பை வாளியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன், சாரத்தோடு. முன்வீட்டு மனிசன் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், தண்ணிக் குழாயைப் பிடித்தபடி நிற்கிறார், தண்ணி தன் சப்பாத்தில் ஊற்றுவதும் தெரியாமல். அடுத்த நாள் என் மகன் சொன்னான்: "அப்பா, அந்த அங்கிள் என்னிடம் கேட்டவர், உங்கட அப்பாவுக்கு உடம்புக்கு ஏதுமோ, துவாயோடு வெளியில் வாறார் என்று."

பிறகு அந்த மனிசனோடு நல்ல பழக்கமாகிவிட்டது. அவருடைய அப்பா ஸ்காட்லாந்தில் பிறந்தவராம். ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். தகப்பன் கில்ட்டோடு நிற்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "ஓம், ஓம், விளங்குது" என்ற மாதிரித் தலையை ஆட்டினார்.

#7 கிளைட்கரையான்

பனங்கிழங்கு அண்ணா, அருமை.

ஊர்க்குருவி, நீங்கள் சொன்னதை ஏற்கெனவே செய்தாகிவிட்டது. மூன்று வருஷமாகப் பொங்கலன்று வேட்டியில்தான் பஸ் ஏறுகிறேன். (ஜனவரி மாதம். உள்ளே குளிருக்கான நீளக் காலுறை. மானம் போகட்டும், உயிர் முக்கியம்.) வேட்டி வெட்கம் என்றால் நம் ஊரில் ஆரம்பியுங்கள். 2014-ல் உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிளப் வாசலில் திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷம் சட்டசபையில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு விஷயம் எனக்குப் பொறி தட்டியது. வேட்டியில் போனபோது ஜனங்கள் தள்ளி நின்றார்கள். மரியாதையா பயமா தெரியாது, ஏதோ சாமி விஷயம் என்று நினைத்திருக்கலாம். "அழகாக இருக்கிறது" என்று ஒரு பாட்டி சொன்னாள். உள்ளே என்ன என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கில்ட்டில் போனால் முன்பின் தெரியாதவர் தோளில் கை போடுகிறார். துணியை விரலால் தேய்த்து, "நல்ல கனம்" என்கிறார். கொசுவத்தை எண்ணுகிறார்! வேட்டி என் வீட்டுப் பொருள், கில்ட் அவர்கள் வீட்டுப் பொருள். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற உரிமை அவர்களுக்கு.

நான் கறுப்பு என்பதால் ஏதாவது வருமா என்று முதலில் பயம் இருந்தது. ஒரே ஒரு ஆள், "உனக்கு எதற்கு இது?" என்றான். நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் நின்ற அம்மா அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். சீக்கியர்களுக்கென்று சிங் டார்ட்டனே இருக்கிறதே, நமக்கு என்ன வந்தது.

#8 மழைநாள் (சியாட்டில்)

எங்கள் ஊரில் கேள்வியே வேறு மாதிரி. 2000-லிருந்து இங்கே யூட்டிலிகில்ட் என்று ஒன்று உண்டு. கம்பளி கிடையாது, தடித்த பருத்தி; பக்கத்துக்கு ஒரு பெரிய பாக்கெட், சுத்தியல் மாட்டக்கூட வளையம். தச்சுவேலை செய்கிறவர்கள், மென்பொருள் ஆட்கள், தாடிக்காரர்கள் கட்டுவார்கள். நானும் கோடையில் கட்டுவேன். இங்கே குலம், கல்யாணம் எல்லாம் யாரும் கேட்பதில்லை. "சௌகரியமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். லுங்கி கட்டி வளர்ந்தவனுக்குச் சொல்லித் தரவா வேண்டும், தொடைக்கு இடையில் தையல் இல்லாத சுகம்.

ஆனால் ஒன்று. ஊருக்குப் போனபோது அதே யூட்டிலிகில்ட்டை விமான நிலையத்தில் பார்த்த என் அம்மா முதலில் சொன்னது: "ஏண்டா, பேன்ட் வாங்கக் காசில்லையா?"

#9 அடைமழை_ஆறுமுகம் (அபர்தீன்)

நானும் இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் கட்டினேன். காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 8 கெஜம் கம்பளியை எங்கள் கடற்கரைக் காற்றுகூட லேசில் தூக்காது. சுற்றுலாக் கடையில் விற்கும் மலிவுப் பாலியெஸ்டர் சமாச்சாரத்தைக் கட்டினால் குடைதான். வாங்குகிறவர்கள் முதலில் எடையைப் பாருங்கள்.

உட்காரும்போது ஒரு கையால் பின்கொசுவத்தை வழித்துவிட்டு உட்கார வேண்டும், எங்கள் அத்தை புடவையோடு பஸ்ஸில் உட்காருவதைப் போல. நான் பழகுவதற்குள் இரண்டு முறை குளிர்ந்த இரும்பு பெஞ்சில் நேரடியாக... சரி, அது போதும். காலுறைக் கத்தியை விமானத்தில் கையோடு கொண்டுபோகாதீர்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். தெருவில் தேசிய உடையோடு வைத்திருந்தால் சட்டத்தில் விலக்கு உண்டு. உருளைக்கிழங்கு வாங்கப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

#10 மல்லிகை (எடின்பரோ)

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. கிளைட் அண்ணா, துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள் என்று எழுதினீர்களே, அதோடு நின்றதா?

என் கணவர் இந்த ஊர்க்காரர். இருபது வயதில் கில்ட் கட்டிக்கொண்டு ஒரு மதுவிடுதியில் பரிமாறும் வேலை செய்தார். மூன்றே மாதத்தில் கால்சட்டைக்கு மாறிவிட்டார். ஏன் என்று கேட்டால், சின்ன வயதில் சிரித்து மழுப்புவார். இப்போதுதான் சொல்கிறார். 2017-ல் இன்வர்னஸில் ஒரு மதுவிடுதியில் வேலைசெய்யும் பையன்கள் கில்ட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. கையில் தட்டு நிறையக் கோப்பைகளோடு போகும்போது குடித்த பெண்கள் கில்ட்டுக்குள் கைவிடுகிறார்களாம். அந்தச் செய்திக்குக் கீழே முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தது சிரிப்பு பொம்மை.

#11 கிளைட்கரையான்

மல்லிகை, நிற்கவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை. ராத்திரி பத்து மணி, ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணப் பெண்ணும் தோழிகளும் ஒரு கூட்டம், எல்லார் தோளிலும் ரோஜா நிறப் பட்டை, நல்ல போதை. பின்னால் சில்லென்று காற்று. திரும்பினால் ஒருத்தி பின்கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள், இன்னொருத்தி செல்போனோடு குனிந்திருக்கிறாள். "அய்யோ, போட்டிருக்கிறான்!" என்று ஏமாற்றத்தில் ஒரு கூச்சல். மொத்த நிலையமும் சிரித்தது. நானும் சிரித்தேன். கையைக்கூட ஆட்டினேன்.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஸ்போரனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். எதிர் இருக்கையில் ஒரு பெண் கைப்பையை அதே மாதிரி மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும் வரை அப்படியேதான் இருந்தோம் இரண்டு பேரும்.

வீட்டில் வந்து வேடிக்கையாகத்தான் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் கட்டாமல் விட்டேன். இங்கே ஐந்து வாரம் என்று எழுதினேன், கணக்கில் அது நாலரை.

#12 ஊர்க்குருவி

ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? நாலு பெண்கள் பார்த்தார்கள் என்று பெருமைப்பட வேண்டியதுதானே.

#13 மல்லிகை

ஊர்க்குருவி ஐயா, திருப்பூர் பஸ் நிலையத்தில் நீங்கள் வேட்டியோடு நிற்கும்போது முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கிப் பார்த்துப் படம் எடுத்தால் பெருமைப்படுவீர்களா? ஆண்களோ பெண்களோ, உங்கள் இஷ்டம்.

துணிக்கு அடியில் படம் எடுப்பது ஸ்காட்லாந்தில் 2010-லிருந்தே குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019-ல்தான் தனிச் சட்டம் வந்தது. பாவாடையா கில்ட்டா, போட்டிருப்பது ஆணா பெண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை. பார்ப்பது நாம்தான்.

#14 ஊர்க்குருவி

சரி. பஸ் நிலையம் என்றதும் யோசித்துப் பார்த்தேன். விட்டுவிடுங்கள்.

#15 சுண்டல்_பொட்டலம்

கிளைட் அண்ணா, நான் கேட்டதும் அந்த ரகம்தானோ. மன்னிக்கவும்.

#16 கிளைட்கரையான்

இல்லை தம்பி. நீ கேட்டாய், நான் சொன்னேன். கேட்கிறவனிடம் மாட்டேன் என்று சொல்லலாம். தூக்குகிறவள் கேட்கவில்லையே.

#17 பழைய_ஏடு

இன்னொரு கோணம். கில்ட், வேட்டி, சாரம் எதுவும் இல்லாத ஊரில் ஆண்கள் பாவாடையே போட்டால்? 2017 ஜூனில் நல்ல வெயில். பிரான்ஸில் நான்ட் நகர பஸ் டிரைவர்களுக்கு அரைக்கால்சட்டை அனுமதி இல்லை, பாவாடையைத் தடுக்க விதி இல்லை, ஆகவே பாவாடையில் பஸ் ஓட்டினார்கள். அதே வாரத்தில் இங்கிலாந்தில் எக்ஸிடரில் பள்ளிப் பையன்கள் அதே காரணத்துக்காகச் சீருடைப் பாவாடையில் வகுப்புக்குப் போனார்கள். ஊர் கைதட்டியது. ஏனென்றால் அது போராட்டம், நாலு நாளில் முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கிளைட் சார் செய்வது முடியாத வகை. அதைத்தான் ஜனங்களுக்கு எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை.

ஃபிஜியில் போலீஸ்காரரே சுலு என்கிற பாவாடை கட்டி நின்று போக்குவரத்தை நிறுத்துகிறார். யாரும் குனிந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

#18 அடைமழை_ஆறுமுகம்

எடின்பரோவில் ஹவி நிக்கல்ஸ்பி என்று ஒரு கில்ட் தையல்காரர் இருக்கிறார். டெனிமில், தோலில் எல்லாம் தைப்பார். பல வருஷமாகத் தானும் தினமும் கில்ட்தான். கால்சட்டைக்காரர்கள் நடுவில் அவரைப் பார்த்தால் அவர்தான் சாதாரணமாக உடுத்தியிருப்பதுபோல இருக்கும். நடையிலேயே தெரியும். நாம் கட்டினால் "கட்டியிருக்கிறோம்" என்று முதுகில் எழுதி ஒட்டினமாதிரி நடக்கிறோம். கிளைட் தம்பி, ஐந்து வாரம் போதாது. எனக்குக் கூச்சம் போக எட்டு மாதம் ஆனது. அதற்குள் கல்லாக்காரம்மாவுக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் ஜீன்ஸில் போனேன், "ஏன், யார் செத்துட்டாங்க?" என்றாள்.

#19 கிளைட்கரையான்

ஹஹ்ஹா. அந்த நாளுக்காகவாவது கட்ட வேண்டும்.

நேற்று செவ்வாய். கட்டினேன். மனைவியும் கூட வந்தாள், வழக்கமாக வரமாட்டாள். இரண்டடி பின்னால் நடந்துவந்தாள், கேட்டால் குடை இடிக்கிறதாம். "யாருக்குக் கல்யாணம்?" கேள்வி ஒன்றுதான் வந்தது. அதற்கும் நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "எங்களுக்குத்தான், பதிமூன்று வருஷம் முன்னாடி" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு சந்தேகம், மல்லிகை. முன்பாளத்தில் குத்துகிற பெரிய ஊசி இருக்கிறதே, காற்றுக்குப் பயந்து அதை இரண்டு பாளத்தையும் சேர்த்துக் குத்திவிட்டேன். சரிதானே?

#20 மல்லிகை

ஐயையோ, வேண்டாம் அண்ணா! மேல்பாளத்துக்கு மட்டும்தான். அது சும்மா எடைக்கு. இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது துணி இழுத்துக் கிழியும்.

#21 கிளைட்கரையான்

பஸ்ஸிலேயே கிழிந்துவிட்டது. விரற்கடை நீளம். யாராவது நல்ல தையல்காரர் தெரிந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் வேண்டும்.